ரைஸ் குக்கரில் ஸ்டீல் கட் ஓட்ஸ்: பொங்கினால், அடிபிடித்தால், வேகாமல் நின்றால்

மாமாவுக்குச் சர்க்கரை ஏறிப்போய், காலையில் நாலு இட்லியை இரண்டாகக் குறைக்கச் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் ஸ்டீல் கட் ஓட்ஸ் வந்தது. பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்த அத்தை, "என்னத்தா இது, கோழிக்குப் போடுற குருணை மாதிரில்ல இருக்கு" என்றார். பார்க்க அப்படித்தான் இருக்கும். முழு ஓட்ஸ் மணியை இரும்புக் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டியது அது. நசுக்கவில்லை, தட்டவில்லை. அதனால்தான் வேக அரை மணி நேரம் எடுக்கிறது.

அடுப்பில் வைத்தால் அந்த அரை மணியும் பக்கத்தில் நின்று கிண்ட வேண்டும். காலை ஆறரைக்கு ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொன்றில் இட்லிச் சட்டி. மிச்சம் இருந்தது மூலையில் சும்மா கிடந்த 1.8 லிட்டர் கரண்டு குக்கர். அதில் வைத்த முதல் வாரம் நாலு நாள் சொதப்பல்: இரண்டு நாள் பொங்கியது, ஒரு நாள் அடிபிடித்தது, ஒரு நாள் பல்லில் கடிபட்டது. இப்போது தினமும் அதில்தான் வைக்கிறேன். உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் படித்துவிடுங்கள். பாதிக் கோளாறு இதில்தான் இருக்கிறது.

குக்கருக்கு என்ன தெரியும்

சோறு வெந்ததா என்று குக்கருக்குத் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா என்று மட்டும்தான் தெரியும். பாத்திரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள், சூடாகும் தட்டின் நடுவில் ஸ்பிரிங் வைத்த வட்டப் பொத்தான் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் ததும்பும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் அடிப்பாகம் சட்டென்று 103 டிகிரிப் பக்கம் போகும். அந்தச் சூட்டில் காந்தம் பிடியை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ளும், 'டக்' என்று சுவிட்ச் வார்முக்கு வந்துவிடும். 1955-ல் ஜப்பானில் தோஷிபா கம்பெனி முதல் தானியங்கிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்த பாகம் வேறு. ஆனால் தண்ணீர் தீர்ந்ததும் ஏறும் சூட்டை வைத்து நிறுத்துவது என்ற யோசனை இதேதான்.

சோற்றுக்கு இது போதும். கஞ்சிக்குப் போதாது. கஞ்சி என்றால் முடிவிலும் தண்ணீர் இருக்க வேண்டும். அதனால் ஓட்ஸ் வைக்கும்போது சுவிட்ச் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். கடிகாரத்தையும் கரண்டியையும் நம்புங்கள்.

நான் வைக்கும் அளவு

குக்கரோடு வரும் அளவுக் கப் 180 மில்லி. அதில் தலைதட்டி ஒரு கப் ஓட்ஸ் எடுத்தால் 120 முதல் 130 கிராம் வரும், மூன்று பேருக்குக் காணும். இரவே ஊறப் போட்டிருந்தால் அதே கப்பில் மூன்று முதல் மூன்றரை கப் தண்ணீர், ஊறாமல் வைத்தால் நான்கு. ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் நெய். ஊறியது 20 நிமிடம், ஊறாதது 30 நிமிடம். நடுவில் இரண்டு தடவை கிண்டல். அணைத்த பிறகு மூடி வைத்துப் பத்து நிமிடம். பதம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நம்ம மதுரைத் தள்ளுவண்டியில் மாலை நேரத்தில் டம்ளரில் ஊற்றித் தரும் பருத்திப்பால் மாதிரி, கொஞ்சம் கூடுதல் கெட்டியாக. ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் இறக்கும்போது சற்று இளகலாகவே இருக்கட்டும்.

1. பொங்கி, மூடி வழியாக வழிந்து மேடையெல்லாம் ஓடுகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். நான் முதல் நாள் சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூடி 'தடதட'வென்று ஆடிக்கொண்டிருந்தது. மூடியின் ஓட்டையிலிருந்து சாம்பல் வெள்ளையில் நுரை குமிழ் குமிழாக ஏறி, குக்கரின் தோளில் வழிந்து, மேடையில் இருந்த உளுந்து டப்பாவின் அடியில் போய்த் தேங்கியிருந்தது. துடைத்தால் துணியோடு நூல் நூலாக இழுபட்டது.

அந்த இழுவைதான் காரணமும். ஓட்ஸில் பீட்டா குளூக்கான் என்று ஒரு கரையும் நார்ச்சத்து இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று சொல்வதும் அதைத்தான். தண்ணீரில் அது கரைந்து கொழகொழப்பாகும். மாவுச்சத்தும் சேர்ந்துகொள்ளும். கொதிக்கும்போது மேலே வரும் ஆவிக் குமிழ் சாதாரணத் தண்ணீரில் உடனே உடைந்துவிடும். இந்தக் கொழகொழப்பில் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேலே மூடியும் இருந்தால் ஆவியின் சூடு உள்ளேயே நின்று நுரையைத் தள்ளிவிடும்.

செய்ய வேண்டியதை நான் பலன் கண்ட வரிசையில் சொல்கிறேன். முதலில், பாத்திரத்தில் ஓட்ஸும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. 1.8 லிட்டர் குக்கரில் இரண்டு கப் ஓட்ஸ் வைக்க ஆசைப்பட்டால் பொங்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் சின்னக் குக்கர் என்றால் அரைக் கப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, அரிசி களைவதுபோல் இரண்டு தண்ணீரில் களையுங்கள். வெட்டும்போது உதிர்ந்த மாவெல்லாம் பால் மாதிரிக் கலங்கி வெளியே போகும், அதுதான் முதல் நுரைக்குத் தீனி. மூன்றாவது நெய். கொழுப்பு நுரையின் சவ்வை உடைக்கும். அத்தை இதைத் தன் வழியில் செய்தார்: பாயசப் பானைக்குத் தடவுவதுபோல் பாத்திரத்தின் உள் விளிம்பில் விரலால் ஒரு சுற்று நெய் தடவினார். அன்று நுரை விளிம்பு வரை வந்து தயங்கி நின்றதை நானே பார்த்தேன்.

இதையெல்லாம் மீறியும் பொங்கினால் மூடியை மூடாதீர்கள். முதல் கொதி வரும் வரை, அதாவது ஏழெட்டு நிமிடம், மூடியே வேண்டாம். கொதி வந்ததும் ஒரு மரக் கரண்டியைப் பாத்திரத்தின் குறுக்கே வைத்து, அதன்மேல் மூடியைச் சாய்த்து வையுங்கள். கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக ஆவியாகும். அதற்காகக் கால் கப் சேர்த்து ஊற்றினால் போதும்.

வழிந்த பிறகு செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறிய பிறகு பாத்திரத்தை எடுங்கள். வெளிப்பக்கத்தையும் சூட்டுத் தட்டையும் ஈரத்தைப் பிழிந்த துணியால் துடையுங்கள். தட்டில் கருகி ஒட்டியிருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது. கஞ்சி உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று சந்தேகம் இருந்தால் ரிப்பேர் தெரிந்தவர் பார்க்கும் வரை பிளக்கில் சொருகாதீர்கள். துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த தலைப்பில்.

2. பத்து நிமிடத்திலேயே 'டக்' என்று விழுகிறது, ஓட்ஸ் நறுக் நறுக்

இதற்கு மூன்று காரணம் உண்டு. எது என்று கண்டுபிடிக்க முதலில் கரண்டியை அடிவரை விட்டுப் பாருங்கள்.

மேலே தண்ணீர் நிற்கிறது, அடியில் மட்டும் களிபோல் ஒரு கெட்டி அடுக்கு என்றால், கிண்டாததுதான் குற்றம். அரிசி மணிகளுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்ஸ் அடியில் படிந்து கொழகொழப்பானதும் தண்ணீர் அங்கே இறங்காது. அந்த இடம் மட்டும் வறண்டு 103-ஐத் தொட்டுவிடும். குக்கர் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். அடியோடு சுரண்டிக் கிண்டிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். காந்தம் ஆறினால்தான் மறுபடி பிடிக்கும். அப்புறம் சுவிட்சை அழுத்துங்கள். கொதி வந்ததும் ஒருமுறை, அதிலிருந்து பத்து நிமிடத்தில் ஒருமுறை கிண்டினால் இது வரவே வராது.

கிண்டினால் எல்லாமே கெட்டி, தண்ணீரே இல்லை என்றால் அளவு குறைச்சல். ஒரு கப் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் கெட்டுப்போகாது, நேரம்தான் கூடும்.

இரண்டும் இல்லை, தண்ணீர் நன்றாக நிற்கிறது, கிண்டியும் ஆயிற்று, ஆனாலும் விழுகிறது என்றால் கோளாறு பாத்திரத்துக்கு வெளியே. எங்கள் குக்கர் இரண்டாவது மாதம் இப்படி ஆனது. ஒரு கடைக்குக் கொண்டு போனேன். திருப்பிக்கூடப் பார்க்காமல், "தட்டு போச்சும்மா, மாத்தணும்" என்றார் அங்கிருந்தவர். மனசு கேட்காமல் வீட்டுக்கு எடுத்து வந்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நடுப் பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கில் காய்ந்த கஞ்சி பழுப்பாக, கோந்து மாதிரிப் பிடித்திருந்தது. பொத்தானை விரலால் அமுக்கினால் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. பாத்திரத்தைத் தொடாமலே பக்கத்துத் தட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு அது விழுந்துகொண்டிருந்திருக்கிறது. ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, தீக்குச்சியால் சுற்றிலும் சுரண்டி எடுத்தேன். பொத்தான் 'டிக் டிக்' என்று துள்ள ஆரம்பித்தது. தட்டு இன்னும் அதேதான்.

ஒற்றைச் சோற்றுப் பருக்கை தட்டில் ஒட்டியிருந்தாலும் இதே கதை: பாத்திரம் சாய்ந்து நிற்கும், சூடு பாத்திரத்துக்குள் போகாமல் தட்டிலேயே தங்கும். பாத்திரத்தை வைத்ததும் இடமும் வலமும் ஒரு சுற்றுத் திருகி உட்காரவையுங்கள்.

சுவிட்ச் விழாமல் இருக்க நெம்புகோலில் குச்சியைச் சொருகுவது, டேப் ஒட்டுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சூடு எல்லை மீறாமல் குக்கரை நிறுத்தும் முதல் காவல் அந்தக் காந்தம்தான்.

3. சுவிட்ச் விழவே மாட்டேன் என்கிறது

கோளாறு இல்லை. நான்கு பங்கு தண்ணீர் வைத்த கஞ்சி முழுசாக வறளும் வரை காத்திருந்தால் கஞ்சி களியாகி, களி அடிபிடிக்கும். 30 நிமிடம் ஆனதும் நீங்களே அணையுங்கள். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். நான் காலை வானொலிச் செய்தியைக் கணக்கு வைத்திருக்கிறேன்.

4. அடிபிடித்துத் தீய்ந்த வாடை வருகிறது

ஆரம்பத்திலேயே பால் ஊற்றினீர்களா? அதுதான். பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து தண்ணீர் வற்றும் முன்பே தீயும். பால் பொங்குவது தனிக் கஷ்டம். ஓட்ஸை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அணைத்த பிறகு தனியாகக் காய்ச்சிய பாலை ஊற்றிக் கிண்டுங்கள். சுவையில் வித்தியாசம் தெரியாது.

வெல்லம், கருப்பட்டி, சர்க்கரை எதுவானாலும் அதே விதி, கடைசியில்தான். பாலும் கருப்பட்டியும் இரண்டுமே என்றால் கருப்பட்டியைக் கரைத்து, வடிகட்டி, ஓட்ஸ் சற்று ஆறிய பிறகு சேர்க்கவும். கொதிக்கிற பாலில் விட்டால் திரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான்: கருப்பட்டி, ஒரு துளி சுக்குப்பொடி, ஏலக்காய், துருவிய தேங்காய். ஏறக்குறைய பருத்திப்பால் வாசனை வந்துவிடும். கருப்பட்டி போட்டால் சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று மாமா இன்னும் வாதாடுகிறார். அதுவும் சர்க்கரைதான், மாமா. அவருக்கு மட்டும் உப்பும் மோரும், சின்ன வெங்காயமும், தாளித்த கடுகு கறிவேப்பிலையும்.

தீய்ந்தே போய்விட்டால் கிண்டாதீர்கள். கிண்டினால் வாடை முழுவதும் ஏறிவிடும். மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு அள்ளுங்கள். அடியில் பிடித்ததில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் பாத்திரம் விளக்கும் சோப்பும் விட்டு மதியம் வரை ஊறப்போட்டால் தகடாக உரிந்து வரும். நான்ஸ்டிக் பூச்சுள்ள பாத்திரத்தைக் கம்பி நாரால் தொடக் கூடாது.

5. பசை மாதிரி ஆகிவிட்டது, மணியே தெரியவில்லை

பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கடையில் 'ஓட்ஸ்' என்று மட்டும் கேட்டால் தட்டையானதைத்தான் தருவார்கள். கீழமாசி வீதியில் எனக்கே ஒரு தடவை அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள், நானும் பார்க்காமல் வாங்கி வந்தேன். இரண்டுக்கும் அவலுக்கும் குருணைக்கும் உள்ள வித்தியாசம். தட்டை ஓட்ஸ் ஆவியில் வேகவைத்து உருட்டி நசுக்கியது, அடுப்பில் ஐந்தே நிமிடம். அதைக் குக்கரில் அரை மணி நேரம் விட்டால் சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும். உடைத்த சம்பா கோதுமையை நினைத்துக்கொள்ளுங்கள்; அந்த மாதிரிக் கடினமாக, உருண்டு திரண்டு, வெளிறிய பழுப்பில் இருந்தால் அதுதான் ஸ்டீல் கட்.

சரியான ஓட்ஸ்தான் வாங்கினீர்கள், ஆனாலும் பசை என்றால் அதிகம் கிண்டுகிறீர்கள் அல்லது ஊறியதை ஊறாததன் நேரத்துக்கு வைக்கிறீர்கள். மணி தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது: களைவதற்குப் பதிலாக நெய்யில் வாணலியில் மூன்று நான்கு நிமிடம் வாசம் வரும் வரை வறுத்துவிட்டு அப்புறம் குக்கரில் போடுங்கள். கொழகொழப்பு நன்றாகக் குறையும். உப்புமா ஓட்ஸுக்கு நான் இதையே செய்கிறேன், தண்ணீரை இரண்டரையாகக் குறைத்து.

6. ஒரு நாள் அரை மணியில் வேகிறது, இன்னொரு நாள் முக்கால் மணி ஆகிறது

வோல்டேஜைப் பாருங்கள். மேலூர்ப் பக்கம் சித்தி வீட்டில் இதே குக்கர், இதே அளவு, நுரைகூட வரமாட்டேன் என்றது. சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் ஓடுகிற நேரம் அது. சூட்டுத் தட்டின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230-க்குப் பதில் 180 வந்தால் 700 வாட் தட்டு 430 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். அங்கே நான் முதல் தண்ணீரைக் கேஸில் கொதிக்கவைத்து ஊற்றினேன், பாதி நேரம் மிச்சமானது.

நடுவில் கரண்டு போனால் பதற வேண்டாம். நெம்புகோல் சுவிட்ச் உள்ள குக்கர் என்றால் கரண்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும், மூடியை மட்டும் திறக்காதீர்கள். பட்டன் வைத்த டிஜிட்டல் மாடல் என்றால் மறுபடி அழுத்த வேண்டியிருக்கலாம். வீட்டு இன்வர்ட்டரில் குக்கரைப் போடாதீர்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைத்த பேட்டரி அது.

7. வார்மில் வைத்தேன், கட்டியாகிவிட்டது

ஆகும். மாவுச்சத்து ஆற ஆற இறுகும், வார்மில் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும். அரை கப் வெந்நீர் விட்டு மத்தால் மெல்லக் கடைந்தால் இளகிவிடும். அரை மணிக்கு மேல் வைக்கத்தான் வேண்டும் என்றால் இறக்கும்போதே தண்ணீராக இறக்குங்கள். பால் சேர்த்ததை வார்மில் விடாதீர்கள்.

8. ஊறப்போட்டது காலையில் புளித்த வாடை

சித்திரை வைகாசியில் மதுரை இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் ஊறலை ஃபிரிட்ஜில் வையுங்கள். பாலில் ஊறப்போடவே கூடாது.

9. வெந்த பிறகும் கசப்பு, பழைய எண்ணெய் வாடை

சமையலில் தப்பு இல்லை, சரக்கு பழசு. அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். வெயிலிலும் காற்றிலும் அது சிக்கு வாடை பிடிக்கும். எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது, கொட்டிவிடுங்கள். பெரிய பாக்கெட் மலிவு என்று கோடையில் வாங்காமல், அரைக் கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஸ்டீல் கட் எல்லாக் கடையிலும் வேகமாகப் போகிற சரக்கு இல்லை.

10. பாத்திரத்தின் உள்பக்கம் கறுத்துவிட்டது

அலுமினியப் பாத்திரத்தில் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அப்படி ஆகும். கஞ்சிக்கு ஒன்றும் இல்லை. பிழிந்த எலுமிச்சைத் தோல் இரண்டைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் வெளுத்துவிடும். அத்தை அதற்கும் புளிதான் போடுவார்.